ஞாயிற்றுக்கிழமையும் வட்டி

நீதிமன்றத்து ஆள் வாசலிலேயே
செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தார்.
மரியாதையான ஆள்.
குளிர்பெட்டிக்கு ஒன்று, தொலைக்காட்சிக்கு ஒன்று,
சலவை இயந்திரத்துக்கு ஒன்று என
ஜப்திச் சிவப்பு வில்லைகளை ஒட்டிக்கொண்டே வந்தவர்
தாவுலின் பியானோ முன்னால் கொஞ்சம் தயங்கினார்.
மூடியைத் தூக்கி, உட்புறமாக,
வந்துபோகிறவர் கண்ணில் படாத இடத்தில் ஒட்டினார்.
அதற்கு நான் நன்றி சொன்னேன்.
இரவு முழுக்க அந்த நன்றி
மீன்முள்ளாகத் தொண்டையில் நின்றது.

நாற்பத்து மூன்று நாள்
இரண்டாம் உலர்துறையில் பாதிக் கப்பலடியில் உட்கார்ந்திருந்தார்கள்,
ஒப்பந்த வெல்டர்கள்.
வெட்டிய கூலியைத் திரும்பக் கொடு என்பதுதான் கேட்டது.
நூற்றுக்கு நாலரை கிடைத்தது.
கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள்.
மன்சோக் வீட்டுக்கு வந்து பதினாறு மணி நேரம் தூங்கினான்.
எழுப்பியது தபால்காரர்.

கப்பல் தாமதமானதற்கு நஷ்டஈடு
நானூற்று எழுபது கோடி வோன்.
ஐந்து பேர் மேல் வழக்கு.
"அப்படியென்றால் ஐந்தால் வகுக்க வேண்டும், இல்லையா?" என்றேன்.
இல்லையாம்.
ஒவ்வொருவரும் முழுத் தொகைக்கும் பொறுப்பாம்.
நாலு பேர் செத்துப்போனாலும்
மிச்சமிருப்பவன் தலையில் அத்தனையும்.

நான் சிப்பி பிளக்கிறவள்.
கணக்கு எனக்குக் கிலோவில்தான் வரும்.
கிலோவுக்கு மூவாயிரம்.
வட்டிக்கு மட்டும்
நாளொன்றுக்கு ஐந்நூற்றுப் பதினைந்து கிலோ பிளக்க வேண்டும்.
கை நன்றாக ஓடுகிற நாளில் நான் பிளப்பது நாற்பது.
முதலுக்கு எத்தனை டன் என்றும் போட்டுப் பார்த்தேன்.
கொஜே விரிகுடாவுக்கு அது தெரிய வேண்டாம்.

"ஞாயிற்றுக்கிழமையும் வட்டி ஓடுமா?"
மன்சோக் வக்கீலைக் கேட்டான்.
அறையில் எல்லோரும் சிரித்தார்கள்.
அவன் நிஜமாகத்தான் கேட்டான்.

அவன் சம்பளத்தில் பாதி கைக்கு வருவதில்லை.
அவன் கைபேசி என் தங்கை பெயரில்.
கடைவாய்ப் பல்லைக் காட்டாமல்
ஆறு மாதமாக ஒரு பக்கத்திலேயே மெல்லுகிறான்.

பே சங்கூ கையெழுத்துப் போட்டான்.
சங்கத்தை விட்டு விலகுகிறேன், நடந்தது தவறு.
இரண்டே வரி.
வழக்கிலிருந்து அவன் பெயரை எடுத்தார்கள்.
தொகையிலிருந்து எதையும் எடுக்கவில்லை.

அந்தக் காகிதம் எங்களுக்கும் வந்தது.
சாப்பாட்டு மேசையில் மூன்று நாள் கிடந்தது.
நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.
பக்கத்தில் ஒரு பேனாவை மட்டும் வைத்தேன்.
ஆமாம், வைத்தேன்.
நாலாம் நாள் காலை
பரீட்சைக்கு நேரமாகிவிட்டதென்று
தாவுல் அந்தப் பேனாவை எடுத்துக்கொண்டு ஓடினாள்.
மன்சோக் காகிதத்தின் மேல்
கொதிக்கும் கஞ்சிச் சட்டியை வைத்தான்.
எழுத்தெல்லாம் வட்டமாகக் கருகியது.
இருவரும் சாப்பிட்டோம்.

சங்கூவின் மனைவி ஹ்வாயோனுக்கு
கொட்டகையில் எனக்கு எதிர்ப்பலகை.
போன குளிர்காலத்தில் ஒரே கையுறையை மாற்றி மாற்றிப் போட்டவர்கள் நாங்கள்.
இப்போது உப்பு வேண்டுமென்றால்கூட
மூன்றாமவளிடம் கேட்கிறோம்.
போன வியாழன் எடைக்கு முன்
விரல் மரத்துப்போய் வெந்நீருக்குப் போனேன்.
திரும்பி வந்தால் என் வாளி கனத்தது.
தராசு நாற்பத்தொன்றரை என்றது.
என் கை எனக்குத் தெரியும்: அன்றைக்கு முப்பத்தேழு, மிஞ்சினால் முப்பத்தெட்டு.
அவள் தலை நிமிரவில்லை.
கத்தி மட்டும் ஒரு கணம் ஓட்டில் சிக்கி நின்றது.
திருப்பிக் கொட்டியிருக்கலாம்.
சீட்டில் கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டேன்.
பல்வலி மாத்திரை வாங்கினேன்.
யார் காசு என்று மன்சோக்கிடம் சொல்லவில்லை.

இரவில் தாவுல் பியானோ திறக்கிறாள்.
மூடி உயர்ந்ததும் அந்தச் சிவப்பு
நேராக அவள் முகத்துக்கு எதிரே வருகிறது.
அந்த மரியாதையான ஆளுக்குப்
பியானோ வாசிக்கத் தெரியாது போல.